உலகத் தமிழாராய்ச்சி மன்றமும் பன்னாட்டுக் கூட்டாய்வும்

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் என்பது தமிழ்மொழி, இலக்கியம், வரலாறு, பண்பாடு ஆகியவற்றை ஆராயும் பல நாட்டு அறிஞர்களை ஒன்றிணைக்க 1964 ஜனவரி 7 அன்று புதுதில்லியில் தொடங்கப்பட்ட கல்விசார் சங்கமாகும். இம்மன்றத்தின் பெயரால் நடந்தவையே ‘உலகத் தமிழ் மாநாடு’ என்று மக்கள் வழக்கில் அழைக்கப்படும் மாநாடுகள். மாநாட்டு ஊர்வலங்களும் சிலைத் திறப்புகளும் பலருக்கு நினைவிருக்கின்றன. ஆனால் அவற்றின் பின்னால் ஓர் ஆய்வுச் சங்கம் இருந்தது, அது பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து, செக்கோசுலோவாக்கியா, இலங்கை, மலேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் அறிஞர்களை ஒரே குழுவில் அமர்த்தியது என்ற செய்தி அதே அளவுக்குப் பரவவில்லை. அந்தச் சங்கம் எப்படி உருவாயிற்று, எங்கே வெற்றி பெற்றது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ‘மன்றம்’ என்பது அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம். ‘உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம்’ என்பது 1970இல் தோன்றிச் சென்னைத் தரமணியில் இயங்கிவரும் ஆய்வு நிறுவனம். மதுரையில் உள்ள ‘உலகத் தமிழ்ச் சங்கம்’ தமிழ்நாடு அரசின் வேறொரு அமைப்பு. மூன்று பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் மாணவர்கள் தேர்வில் மாற்றி எழுதிவிடுகின்றனர்.

மன்றத்துக்கு முன்

வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் கூடி நூலாராய்வது 1964இல் திடீரெனத் தோன்றியதன்று. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள பழவேற்காட்டில் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. அங்கே சமயகுருவாகப் பணியாற்றிய ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்னும் உள்ளூர் அந்தணரிடம் கேட்டறிந்த செய்திகளைத் தொகுத்து எழுதிய நூல் 1651இல் ஹாலந்தில் அச்சாயிற்று. இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி போர்த்துக்கேயம். பர்த்ருஹரியின் வடமொழிப் பாக்கள் ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு முதன்முதலாகச் சென்றது அந்நூலின் வழியேதான். இன்று பழவேற்காட்டுக்கு ஏரியையும் பறவைகளையும் பார்க்கச் செல்வோர் பலர். இந்தச் செய்திக்காகச் செல்வோர் குறைவு.

ஆனால் இத்தகைய கூட்டுறவு தனிமனிதர் இருவரின் நட்பைச் சார்ந்தே நின்றது. ஒருவர் இறந்தால், அல்லது ஊர் மாறினால், வேலையும் நின்றுவிடும். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரின் அரிய உழைப்பும் பெரும்பாலும் தனியர் உழைப்பே. ஒருவர் செய்ததை இன்னொரு நாட்டில் இருப்பவர் அறிந்து, சரிபார்த்து, தொடர்ந்து செய்ய ஒரு நிலையான அமைப்பு தேவைப்பட்டது.

இன்னொரு தேவையும் இருந்தது. 1873இல் பாரிசில் தொடங்கிய கீழ்த்திசை அறிஞர் பன்னாட்டு மாநாடுகளில் ‘இந்தியவியல்’ என்றால் பெரும்பாலும் வடமொழி ஆய்வே முன்னின்றது. தமிழ் அங்கே ஓர் ஓரத்தில் இருந்தது. இந்தியப் பண்பாட்டை அறிய வடமொழி ஒன்றே போதும் என்ற எண்ணம் மேலைப் பல்கலைக்கழகங்களில் மெல்லத்தான் மாறியது.

தனிநாயகம் அடிகளின் பணி

இந்த நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் சேவியர் தனிநாயகம் அடிகள் (1913–1980). யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்தவர். உரோமையில் பயின்று 1938இல் குருவானார். பின்னர் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். தமிழை முறையாகப் படித்தது அதற்குப் பிறகுதான், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். முப்பது வயதைக் கடந்த ஒருவர், இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அறிந்த நிலையில், சங்க இலக்கியத்தை மாணவராக அமர்ந்து கற்றார் என்பது கவனிக்கத்தக்கது. பிறமொழி இலக்கியங்களோடு ஒப்பிட்டுத் தமிழைப் பார்க்கும் பார்வை அவருக்கு இயல்பாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

1952இல் அவர் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும். விடை எளிது: பாரிசில் இருப்பவரும் மாஸ்கோவில் இருப்பவரும் பெர்க்லியில் இருப்பவரும் படிக்கக்கூடிய பொதுமொழி அது. பழவேற்காட்டில் போர்த்துக்கேயம் செய்த வேலையை இங்கே ஆங்கிலம் செய்தது. பிரான்சின் ழான் ஃபிலியோசா, பிராகின் கமில் சுவலபில், மாஸ்கோவின் ஆந்திரனோவ் போன்றோர் அதில் எழுதினர். சங்கம் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த இதழ் சங்கத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது எனலாம். யார், எந்த நாட்டில், எதைப் பற்றி ஆராய்கிறார் என்பது ஒருவருக்கொருவர் தெரியவந்தது.

ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களையும் அடிகள் தேடிச் சென்றார். 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் வினாவிடை நூலைப் பற்றி எழுதினார். அந்தாம் டி புரோயென்சா தொகுத்து 1679இல் வெளிவந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, அதன் நிழற்படிவப் பதிப்பை 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். ஒரு நூல்: கேரளக் கரையில் அச்சாகி, உரோமையில் பாதுகாக்கப்பட்டு, இலங்கையர் ஒருவரால் கண்டெடுக்கப்பட்டு, மலேசியாவில் மறுபதிப்பாயிற்று. பன்னாட்டுக் கூட்டாய்வு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1961 முதல் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்தார். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இல்லாத ஒரு வசதி கோலாலம்பூரில் இருந்தது. தமிழர் அங்கே சிறுபான்மையினர். ஆகவே அந்நாட்டுத் தமிழ்த்துறை வெளியுலகத்தை நோக்கியே இருந்தாக வேண்டும்.

1964, புதுதில்லி

1964 ஜனவரியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26ஆம் பன்னாட்டு மாநாடு புதுதில்லியில் கூடியது. உலகெங்கிலுமிருந்து இந்தியவியலாளர்கள் எப்படியும் வரப்போகிறார்கள். பயணச் செலவை அவரவர் பல்கலைக்கழகமே ஏற்கும். இந்த வாய்ப்பைத் தனிநாயகம் அடிகளும், கேரளப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் பயன்படுத்திக்கொண்டனர். தமிழில் ஆர்வமுள்ள அறிஞர்களை மாநாட்டின் இடையே தனியாகக் கூட்டினர். ஜனவரி 7 அன்று மன்றம் பிறந்தது. தனியாக ஒரு தொடக்கவிழா நடத்தியிருந்தால் அத்தனை பேரை அன்று ஓரிடத்தில் சேர்த்திருக்க முடியாது.

மன்றத்தின் தலைவராக ழான் ஃபிலியோசா தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் கண் மருத்துவராக இருந்து இந்தியவியலுக்கு வந்தவர், 1955இல் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தை உருவாக்கியவர். ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் பர்ரோ, கலிஃபோர்னியாவின் எம். பி. எமனோ, லைடனின் கைப்பர் ஆகியோர் துணைத்தலைவர்களுள் இடம்பெற்றனர். தனிநாயகம் அடிகளும் கமில் சுவலபிலும் செயலாளர்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு திட்டம் தெரிகிறது. தலைவர் தமிழர் அல்லர். இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சிலர் கருதக்கூடும். உண்மையில் அது கணக்கிட்ட முடிவாகவே தோன்றுகிறது. தமிழைத் தமிழரே புகழ்ந்தால் உலகம் அதை ஊர்ப்பற்று என்று ஒதுக்கிவிடும், வடமொழியையும் நன்கறிந்த பிரெஞ்சுப் பேராசிரியர் தலைமை தாங்கினால் அவ்வாறு ஒதுக்க இயலாது. மேலும் பர்ரோவும் எமனோவும், ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டிலும் மற்றவர் பெர்க்லியிலும் இருந்தபடி, திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961இல்தான் வெளியிட்டிருந்தனர். அதன் புகழ் புதிய மன்றத்துக்கும் துணைநின்றது. வடமொழி ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 1973இல்தான் அமைந்தது என்பதை ஒப்பிட்டால், தமிழ் இவ்விடயத்தில் ஒன்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது தெரியும்.

முதல் மூன்று மாநாடுகள்

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். அடிகள் அதே ஆண்டு தமிழியல் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 1968இல் ‘வெளிநாடுகளில் தமிழாய்வு’ என்ற பொருளில் ஒரு தொகுப்பும் வந்தது. நூற்பட்டியலும் ஆய்வாளர் பற்றிய விவரத் தொகுப்பும் பார்ப்பதற்குச் சுவையற்றவை, மேடையில் பேசிக் கைதட்டல் வாங்க உதவாதவை. ஆனால் சங்கம் ஒன்றைக் கட்டுவோர் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். எது ஏற்கனவே செய்யப்பட்டுள்ளது என்று தெரியாமல் செய்யும் ஆய்வு, அரைத்த மாவையே அரைப்பதாக முடியும்.

இரண்டாம் மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில், சி. என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது நடந்தது. குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் தொடங்கிவைத்தார். மெரினாவில் இன்றும் நிற்கும் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ. உ. சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர் சிலைகள் அப்போது திறக்கப்பட்டவை. பத்துச் சிலைகளில் மூன்று வெளிநாட்டாருடையவை.

சென்னை மாநாட்டில்தான் மன்றத்தின் இரட்டைத் தன்மை முதன்முதலில் வெளிப்பட்டது. ஒருபுறம் ஆய்வரங்கு. அங்கே ஐராவதம் மகாதேவன் சங்ககாலத் தமிழ்–பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரையை அளித்தார். குகைகளில் இருந்த எழுத்துகள் தமிழே என்பதையும் அவற்றின் எழுத்து முறையையும் விளக்கிய ஆய்வு வரிசையில் அக்கட்டுரைக்கு முக்கிய இடமுண்டு. மறுபுறம் கடற்கரையில் பெருந்திரளான மக்கள் விழா. இரண்டும் தேவையே. மக்கள் ஆதரவு இல்லையேல் அரசு பணம் தராது, அரசு பணம் தராவிட்டால் பல நாட்டு அறிஞரை வரவழைக்க முடியாது. ஆனால் விழாவுக்குப் பணம் தருபவர் நாளும் இடமும் குறிக்கும் உரிமையையும் கேட்பார். இந்தச் சிக்கல் பின்னர் பெரிதாயிற்று.

அந்த மாநாட்டின் கட்டுரைத் தொகுதிகளைப் பதிப்பித்தவர் ஸ்காட்லாந்தில் பணியாற்றிய மொழியியலாளர் ஆர். இ. ஆஷர். அவை 1971இல் வெளிவந்தன. மூன்றாம் மாநாடு 1970 ஜூலையில் பாரிசில் நடந்தது. அதன் கட்டுரைகளைத் தனிநாயகம் அடிகளும் பிரான்சுவா குரோவும் பதிப்பிக்க, 1973இல் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. மாநாடு எவ்வளவு சிறப்பாக நடந்தது என்பதை அறிய, கூட்டத்தின் அளவைப் பார்ப்பதைவிட, கட்டுரைத் தொகுதி எத்தனை ஆண்டில், எத்தகைய பதிப்பாளர் கையால் வந்தது என்று பார்ப்பது மேல்.

யாழ்ப்பாணம், 1974

நான்காம் மாநாடு 1974 ஜனவரி 3 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. இதன் வரலாறு, ஆய்வுச் சங்கம் ஒன்று அரசியலுக்கு வெளியே நிற்க முடியுமா என்ற வினாவை மிகக் கடுமையாக எழுப்பியது.

மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்று சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு விரும்பியது. மன்றத்தின் இலங்கைக் கிளையில் இதுபற்றிக் கருத்து வேற்றுமை எழுந்து, இறுதியில் யாழ்ப்பாணமே முடிவாயிற்று. கிளையின் தலைமைப் பொறுப்பு பேராசிரியர் சு. வித்தியானந்தனிடம் வந்தது. அரசின் ஒத்துழைப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவிருந்த சிலருக்கு நுழைவிசைவு மறுக்கப்பட்டது. பொதுமக்கள் தாமே பணம் திரட்டி, தெருக்களை அலங்கரித்து மாநாட்டை நடத்தினர். ஆய்வரங்குகள் முறையாக நடந்து முடிந்தன.

ஜனவரி 10 அன்று மாலை வீரசிங்கம் மண்டபத்தில் பொதுக்கூட்டம். மண்டபம் கொள்ளாத கூட்டம் வெளியே நிறைந்திருந்தது. மேடையில் உரை நடந்துகொண்டிருந்தபோது காவல்துறையினர் புகுந்து கூட்டத்தைக் கலைத்தனர். கண்ணீர்ப்புகையும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன, மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தனர். அரசு விசாரணைக் குழு அமைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி டி கிரெட்சர் தலைமையில் குடிமக்கள் அமைத்த குழு விசாரித்து, காவல்துறையின் செயலைக் குறைகூறியது. அந்த ஒன்பது பேருக்கும் யாழ்ப்பாணத்தில் நினைவுத்தூண்கள் உள்ளன. பிற்கால ஈழ அரசியலில் இந்நிகழ்ச்சி ஏற்படுத்திய விளைவு தனியே எழுத வேண்டிய பொருள்.

இக்கட்டுரையின் நோக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தனைக்குப் பிறகும் வித்தியானந்தன் கட்டுரைகளைக் கைவிடவில்லை. அவர் பதிப்பித்த தொகுதி 1980இல் யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்தது. அவ்வளவு துயரம் சூழ்ந்த மாநாட்டின் ஆய்வுப்பயன் அழியாமல் நின்றது அவருடைய பிடிவாதத்தால்தான்.

அரசும் மன்றமும்

ஐந்தாம் மாநாடு 1981 ஜனவரியில், எம். ஜி. ஆர். முதலமைச்சராக இருந்தபோது மதுரையில் நடைபெற்றது. தனிநாயகம் அடிகள் அதற்கு நான்கு மாதம் முன்னரே, 1980 செப்டம்பர் 1 அன்று காலமானார். அதே 1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது. மன்றத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான வ. அய். சுப்பிரமணியமே அதன் முதல் துணைவேந்தர். ஆறாம் மாநாடு 1987இல் மீண்டும் கோலாலம்பூரிலும், ஏழாவது 1989இல் மொரிசியசிலும் நடந்தன.

எட்டாம் மாநாடு 1995 ஜனவரியில் தஞ்சாவூரில். அப்போது மன்றத்தின் தலைவர் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா. மாநாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர், கார்த்திகேசு சிவத்தம்பி உட்பட, பங்கேற்க விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டிருக்கலாம், 1991க்குப் பிந்தைய சூழல் அத்தகையது. ஆனாலும் மன்றம் அழைத்த அறிஞரை மன்றம் காப்பாற்ற இயலவில்லை. அழைப்பவர் ஒருவர், வாசலில் நிற்பவர் வேறொருவர் என்ற நிலை அது.

2009 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒன்பதாம் மாநாட்டைக் கோவையில் 2010 ஜனவரியில் நடத்த விரும்பியது. கராஷிமா உடன்படவில்லை. நாலைந்து மாதத்தில் தரமான ஆய்வு மாநாடு நடத்த முடியாது, குறைந்தது ஓராண்டு வேண்டும் என்பது அவர் வாதம். அரசு ஜூன் வரை தள்ளிவைக்க இசைந்தது. அதுவும் போதாது என்று அவர் நின்றார். இறுதியில் அரசு மன்றத்தைச் சாராமல், 2010 ஜூன் 23 முதல் 27 வரை ‘உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு’ என்ற பெயரில் நடத்தியது. கராஷிமா தலைமைப் பதவியிலிருந்து விலகினார். தம் காரணங்களை ஆங்கில நாளிதழில் வெளிப்படையாக எழுதினார். ஆகவே கோவை மாநாட்டை ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாடு என எண்ணுவது பிழை.

ஓராண்டு எதற்கு என்று கேட்கலாம். கட்டுரைப் பொருளை அறிவித்து, ஆய்வுச் சுருக்கங்களைப் பெற்று, ஒவ்வொன்றையும் துறையறிந்த ஒருவர் படித்துத் தேர்ந்து, தேர்வானவர் தம் பல்கலைக்கழகத்தில் விடுப்பும் பயண உதவியும் கேட்டு, விசா பெற்று, கட்டுரையை எழுதி முடிக்க வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்குப் பருவக்காலம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. அதை யாருக்காகவும் மாற்ற முடியாது. இந்தப் படிகளில் எதைக் குறைத்தாலும், வந்து சேர்பவர்கள் ஆய்வாளர்களாக இராமல் விருந்தினர்களாகவே இருப்பர்.

எனினும் கோவை மாநாட்டை வெறும் விழா என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. பின்லாந்தின் சிந்துவெளி எழுத்தாய்வாளர் அஸ்கோ பர்போலாவுக்கு அங்கே செம்மொழி விருது வழங்கப்பட்டது. 1995இல் திருப்பி அனுப்பப்பட்ட சிவத்தம்பியும் கோவையில் கலந்துகொண்டார். கராஷிமாவின் நிலைப்பாடு சரியானதே. ஆனால் அதற்கு மன்றம் கொடுத்த விலையும் பெரிது. 1995க்குப் பின் அடுத்த மாநாடு 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் மன்றத்தை அறியாமலே பணிமுதிர்வு பெற்றுவிட்டனர். பத்தாவது 2019 ஜூலையில் சிகாகோவில், வட அமெரிக்கத் தமிழ்ச்சங்கப் பேரவையின் விழாவோடு இணைந்து நடந்தது. 2023 ஜூலையில் கோலாலம்பூரில் மீண்டும் மாநாடு கூடியது.

இந்தத் தடுமாற்றத்துக்கு அரசியலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மன்றத்துக்கு நிலையான அலுவலகமோ சொந்த நிதியோ வலுவாக அமையவில்லை. செயலாளர் எந்த நாட்டில் இருந்தாரோ அங்கேதான் மன்றமும் இருந்தது. நாட்டுக் கிளைகள் மாநாடு வரும்போது விழித்து, முடிந்ததும் உறங்கின. மன்றம் 1969இல் தொடங்கிய ஆங்கில ஆய்விதழ்கூடச் சில ஆண்டுகளில் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. அந்த மாற்றத்தால் இதழ் பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கூட்டாய்வு உண்மையில் எங்கே நடந்தது

மாநாடுகள் அறிஞர்களைச் சந்திக்க வைத்தன. வேலை நடந்தது சிறு குழுக்களில். கராஷிமாவையே எடுத்துக்கொள்ளலாம். அவர் 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டுப் பயின்றவர். பின்னர் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு அடைவு தொகுத்தார். அது 1978இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் யார் நிலம் விற்றார், யார் வாங்கினார், அவருடைய பட்டம் என்ன, ஊர் என்ன என்று வரிசைப்படுத்தினால், சோழ நாட்டில் நிலவுடைமை எப்படி மாறியது என்பது மெல்லப் புலப்படும். தனியொருவரால் முடிகிற வேலையன்று அது. ஜப்பானியரின் புள்ளிவிவர ஒழுங்கும் தமிழறிஞரின் கல்வெட்டு வாசிப்பும் சேர்ந்தபோதுதான் அது கைகூடியது.

இன்னொன்று புதுச்சேரியில் நிகழ்ந்தது. பண்டித மரபில் வந்த தி. வே. கோபாலையரும் பாரிசைச் சேர்ந்த பிரான்சுவா குரோவும் இணைந்து தேவாரத்தைப் பதிப்பித்தனர். பிரெஞ்சு நிறுவனம் 1984, 1985இல் தொகுதிகளை வெளியிட்டது. கோபாலையருக்கு இலக்கணமும் இலக்கியமும் மனப்பாடம். ஒரு சொல்லைச் சொன்னால் அது வேறெந்த நூலில், எந்த உரையில் வருகிறது என்று நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர் என்று அவருடன் பணியாற்றியோர் போற்றுவர். குரோவுக்கு மேலைநாட்டுப் பதிப்புமுறையும் ஒப்பியல் பார்வையும் தெரியும். இங்கே ஒருவர் ‘தகவல் தருபவர்’, மற்றவர் ‘ஆய்வாளர்’ என்ற பழைய ஏற்றத்தாழ்வு இல்லை. பழவேற்காட்டுப் பத்மநாபனின் பெயர் ரொகேரியுஸ் நூலின் முகப்பில் ஆசிரியராக இடம்பெறவில்லை. தேவாரப் பதிப்பில் கோபாலையர் பெயர் பதிப்பாசிரியராக நிற்கிறது. முந்நூறு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அது.

அதே புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூரகிழக்குப் பள்ளியும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 2014 முதல் 2019 வரை ஐரோப்பிய ஆய்வுக்குழுவின் நிதியுதவியுடன், ஏவா வில்டன் தலைமையில் தமிழ்ச் சுவடிகளை ஆராய்ந்தன. வில்டனின் நற்றிணை, குறுந்தொகை, அகநானூற்றுப் பதிப்புகள், ஒவ்வொரு பாடலுக்கும் எந்தச் சுவடியில் என்ன பாடம் உள்ளது என்பதைக் காட்டுகின்றன. உ. வே. சாமிநாதையர் தொடங்கிய வேலை வேறு கருவிகளுடன் தொடர்வதாக இதைக் கொள்ளலாம்.

மகாதேவன் 1968இல் அளித்த கட்டுரையின் முழு வளர்ச்சியான கல்வெட்டு நூல், 2003இல் சென்னையின் க்ரியா பதிப்பகமும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூட்டாக வெளியிட்டதாகும். கட்டுரைக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இது நடந்துள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் அவர் மறைவுக்குப் பின் சிதறிவிடாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நூல்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்படாமல் தமிழ்நாட்டிலேயே வைக்கப்பட்டது முக்கியமானது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பகுதியைத் தட்டச்சு செய்ய, மற்றவர்கள் மெய்ப்புப் பார்க்க, தமிழ் இலக்கியங்கள் இலவசமாக இணையத்தில் ஏறின. மாநாடு இல்லை, மாலை மரியாதை இல்லை. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் இதே பணியைச் செய்கிறது.

மாணவர்கள் மூலங்களைக் காணும் வழி

உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தரமணியிலேயே அடுத்தடுத்து உள்ளன. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் புறநகர் ரயிலில் வருவோர் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி நிலையத்தை அடையலாம். மாநாட்டுத் தொகுதிகளைத் தேடும்போது ‘உலகத் தமிழ் மாநாடு’ என்ற பெயரில் மட்டும் கேட்டால் பெரும்பாலும் விழா மலர்களே கைக்கு வரும். மலர் வேறு, ஆய்வுத்தொகுதி வேறு. தொகுதிகள் ஆங்கிலத் தலைப்பில், ‘தமிழாய்வுப் பன்னாட்டுக் கருத்தரங்க மாநாடு’ என்ற பொருள்படும் பெயரில், இடமும் ஆண்டும் குறித்து வெளிவந்தவை. சென்னை 1968 தொகுதிக்கு ஆஷர், பாரிஸ் 1970 தொகுதிக்குத் தனிநாயகம் அடிகளும் குரோவும், யாழ்ப்பாணம் 1974 தொகுதிக்கு வித்தியானந்தன் எனப் பதிப்பாசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்டால் நூலகர் எளிதில் எடுத்துத் தருவார்.